இடப்பக்கத் தாடை

தனக்கோடி விழுந்தபோது கூடையிலிருந்து ஒரு காரப்பொடி மீன்கூடக் கீழே சிந்தவில்லை.

கன்னித்திட்டுக் குப்பத்திலிருந்து கிள்ளைக்குப் போகிற வழியில் ஓர் ஓடை குறுக்கிடும். அதன் மேல் ஒற்றைப் பனந்துண்டு கிடக்கும். அதுதான் பாலம். மீன்காரிகள் தலையில் முப்பது படிக் கூடையோடு அதில் நடந்து போய், கிள்ளையில் பஸ் பிடித்துச் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழை ஒரு வாரமாக விடவில்லை. பனந்துண்டில் பாசி ஏறிக் கிடந்தது. மற்றவர்கள் முன்னாடி போய்விட்டார்கள். தனக்கோடி தனியாகத்தான் வந்தாள். நடுவில் வந்தபோது இடது கால் வழுக்கியது. முட்டி மடங்கியது. மோவாய் போய்ப் பனையில் இடித்தது. தலைக்குள் ஓடு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் மண்டியிட்ட நிலையிலேயே இருந்தாள். இரண்டு கையும் கூடையைப் பிடித்தபடி இருந்தன. வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கி ஓடைத் தண்ணீரில் விழுந்து கரைந்தது.

எழுந்து, திரும்பி, கரைக்கு வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் சாய்ந்தாள்.

அவளை முதலில் பார்த்தவன் அவள் புருஷன் காத்தவராயன். வேறு யாராவது பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்று காலை அவன் கரையில் மரம் கட்டிக்கொண்டிருந்தான். கட்டுமரத்தைக் கடற்கரையில் மரம் என்றுதான் சொல்வது. கூடையோடு கிளம்பிய தனக்கோடியைப் பார்த்து, ஓடையில் தண்ணி ஏறிக் கிடக்கிறது, போகாதே என்றான். போகாவிட்டால் மீன் அழுகும் என்றாள் அவள். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை ஏறி, கடைசியில் கரையில் நின்ற இருபது பேர் காதிலும் விழுகிற மாதிரி அவன் கத்தினான்.

“நீ மட்டும் இன்னிக்கி ஓடையத் தாண்டினே, தாடையப் பேத்துருவேன் பாத்துக்க.”

அரை மணி நேரம் கழித்து, அவளைத் தேடிப் போய், தாடை பெயர்ந்து தொங்கிய பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு அதே கரை வழியாக அவன் ஓடி வந்தான். அவன் மார்பெல்லாம் ரத்தம். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

தனக்கோடியின் அண்ணன் பக்கிரி அதே குப்பத்தில் வடக்குத் தெருவில் இருந்தான். வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். தங்கையின் காதுத் துளையில் ரத்தம் உறைந்திருந்ததைப் பார்த்தான். அவனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. காதில் ரத்தம் வர அறைந்திருக்கிறான் பாவி என்றான். ஊரும் ஆமாம் என்றது.

ஊர் நாட்டார் சுப்புராயன் வந்து குனிந்து கேட்டார். கடலுக்குள் போகிறதும் வருகிறதும், கல்யாணமும் சாவும், குப்பத்தில் எல்லாம் நாட்டார் சொல்கிறபடிதான்.

“ஏம்மா, அவன் அடிச்சானா? பேச வாணாம். தலைய மட்டும் ஆட்டு.”

தனக்கோடி கண்ணைத் திறந்து பார்த்தாள். எல்லார் முகமும் அவள் மேல் கவிந்திருந்தது. காத்தவராயன் முகமும் இருந்தது. இல்லை என்று தலையை ஆட்ட ஒரு நொடி போதும். அவள் தலை ஆடவில்லை. ஆமாம் என்றும் ஆடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். நாட்டார் நிமிர்ந்து சொல்லிவிட்டார். அவள் வாயைத் திறந்து பேசுகிற நாள் வரைக்கும் காத்தவராயன் மரம் தண்ணீரில் இறங்கக் கூடாது. அடித்தது அவன்தான் என்று அவள் சொன்னால் அடுத்த ஐப்பசி வரைக்கும் இறங்கக் கூடாது. கடலில் இறங்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. அவன் மரத்தில் ஏறுகிற மூன்று பேருக்கும் அதே கதிதான்.

சிதம்பரத்தில் ஒரு டாக்டர் பார்த்தார். தாடை எலும்பு, படம் பிடிக்க வேண்டும், கம்பி போட வேண்டும், கடலூருக்குக் கொண்டு போங்கள் என்று துணியால் தலையைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார். பக்கிரியும் அவன் பெண்சாதி அமிர்தமும் அவளைப் பாசஞ்சர் வண்டியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். வண்டியின் ஒவ்வொரு உலுக்கலும் அவள் தாடையில் வந்து இறங்கியது. பரங்கிப்பேட்டை தாண்டுகிற வரை எண்ணினாள். அப்புறம் எண்ணவில்லை.

கடலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் தாடை பார்க்கிற டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. தனக்கோடி அதில் உட்கார்ந்ததும் தன் வலியைக் கொஞ்சம் மறந்தாள். பெஞ்சு முழுக்க உடைந்த முகங்கள்.

அவளுக்குப் பக்கத்தில் பெண்ணாடம் பக்கத்திலிருந்து வந்த வண்டிக்காரர். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போனபோது மாடு தலையைத் திருப்பியிருக்கிறது. கொம்பு கண்ணுக்குக் கீழே குத்தி, அந்தப் பக்கம் முகம் உள்ளே போயிருந்தது. அதற்கடுத்து அண்ணாகிராமத்துக்காரன், பெயர் மணவாளன். பலாமரத்துக்குக் கீழே படுத்துத் தூங்கியவன். பழம் கன்னத்தில் விழுந்தது. அவனால் வாயை அரை அங்குலம்தான் திறக்க முடிந்தது. ஆனாலும் அவன் பேச்சை நிறுத்தவில்லை.

“எனக்காவது பழம் வுழுந்துச்சி,” என்றான் பல்லிடுக்கில். “தின்னக் குடுத்து வச்சிருக்கணும். இவரு மாட்டுக்கு முத்தம் குடுக்கப் போயி...”

“மாடு தெரிஞ்சி குத்தலடா,” என்றார் வண்டிக்காரர். “ஈ கடிச்சிது. திரும்பிச்சி. இருவது வருசமா அந்த மாட்டுக்கு முன்னாடிதான் நிக்கிறேன். அன்னிக்கித்தான் அதுக்குத் திரும்பத் தோணிச்சி.”

மூலையில் ஒரு பெண் முந்தானையால் இடது கன்னத்தை மூடியபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வடலூர்ப் பக்கம் என்று சொன்னாள். அம்மிக்கல்லில் விழுந்துவிட்டேன் என்றாள். மணவாளன்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டரின் பெயர் நடனசபாபதி. சிதம்பரத்துக்காரர். ஒல்லி, வழுக்கை, வெற்றிலை போட்ட வாய். உள்ளே போனதும் தனக்கோடியின் மோவாயைப் பார்த்தார். அடியில் ஒரு வெட்டுக்காயம் வாய் பிளந்திருந்தது. கட்டைவிரல்களை இரண்டு காதுக்கும் முன்னால் வைத்து அழுத்தினார். அவளுக்கு உயிர் போய் வந்தது.

“காதுல ரத்தம் வந்துச்சா?”

வந்தது என்றான் பக்கிரி. புருஷன் காது கிழிய அறைந்துவிட்டான் என்றும், பஞ்சாயத்தில் அவனைக் கடலை விட்டு நிறுத்தியிருக்கிறது என்றும், இவள் வாயைத் திறந்ததும் ஒரு வருஷம் அவனைக் கரையில் காயப்போடப் போகிறோம் என்றும் ஒரே மூச்சில் சொன்னான்.

“எந்தக் காதுல?”

“ரெண்டுலயுந்தான் டாக்டரய்யா.”

டாக்டர் படம் எடுத்து வரச் சொன்னார். படம் வந்ததும் பக்கிரியையும் அமிர்தத்தையும் வெளியே நிற்கச் சொன்னார். ஆயா வேலம்மாளை மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“இங்க வாம்மா. இப்பிடி சன்னலுக்குப் பக்கத்துல வா. இது யாரு தெரியுதா?”

ஈரமாக இருந்த கறுப்புப் படத்தை அவர் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தனக்கோடி பார்த்தாள். கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு முகம் அவளைப் பார்த்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் குழி. மூக்கு இல்லை. பல் மட்டும் வரிசையாக. தான் செத்து மண்ணுக்குள் போனபிறகு இருக்கப் போகிற முகம் அது என்று அவளுக்கு விளங்க நேரமாகவில்லை. பார்வையை எடுக்க முடியவில்லை. முப்பது வருஷமாக இதை வைத்துக்கொண்டா பேசினேன், சிரித்தேன், கருவாடு கடித்தேன்? உள்ளே இப்படி ஒருத்தி இருந்தது தெரியாமலே இருந்தேனே.

“தாடை எலும்பு லாடம் மாதிரி,” என்றார் டாக்டர். “ஒரு பக்கத்துல அடிச்சா அடிச்ச பக்கம் ஒடையும், இல்லன்னா எதிர்ப் பக்கமும் சேந்து ஒடையும். ஒனக்கு மோவாய் நடுவுல விரிசல். இந்தா, காதுக்கு முன்னாடி ரெண்டு நுனியும் ஒடஞ்சிருக்கு. கீழேருந்து நேரா இடிச்சாத்தான் இப்பிடி. ஒன்ன யாரும் அடிக்கல. விழுந்திருக்கே. அதுவும் கை ஊனாம விழுந்திருக்கே. தலையில என்ன இருந்துச்சி? கூடையா?”

தனக்கோடியின் கண்கள் விரிந்தன. அங்கே பனந்துண்டில் யாரும் இல்லை. மழையும் அவளும்தான். இந்த மனுஷன் கூடையைப் பார்க்கிறாரே.

டாக்டர் மேஜையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மையால் வரைந்த தாடைகள், கன்னங்கள், மூக்குத்தண்டுகள். உடைந்த இடத்தில் சிவப்புக் கோடு. அடியில் ஊர்ப் பெயர், தொழில்.

“ஒம்பது வருசமா வரையிறேன். யாரு எங்க ஒடச்சிக்கிட்டு வர்றாங்கன்னு. இது கடல்காரன். அலையில துடுப்பு திருப்பி அடிக்கும், மூக்குத்தண்டு போகும். இது கரும்பு வண்டிக்காரன். மாட்டுக் கொம்பு. கண்ணுக்குக் கீழ, எல்லாருக்கும் ஒரே எடம். இது பண்ருட்டிப் பக்கம். பலா, முந்திரி மரம் ஏறுறவன். கன்ன எலும்பு.” பக்கத்தைப் புரட்டினார். “இது மீன்காரிங்க. உலகத்துல எவன் விழுந்தாலும் கைய நீட்டுவான். கொழந்தகூட நீட்டும். நீங்க மட்டுந்தான் நீட்ட மாட்டீங்க. ரெண்டு கையும் கூடையில. மோவாயாலதான் பூமியத் தொடுவீங்க. தாழங்குடாவுலேருந்து கிள்ளை வரைக்கும் ஒருத்தி தப்பல. எனக்கு யாரும் சொல்ல வேணாம். படத்தப் பாத்தாலே கூடை தெரியும்.”

ஆயா வேலம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். “எலும்புல தொழிலு எழுதியிருக்கா சாமி,” என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. படத்தை மறுபடி தூக்கினார். சுண்டுவிரல் நகத்தால் இடப்பக்கம், கடைவாய்க்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே எலும்பின் ஓரம் நேராக ஓடி வந்து, ஒரு படி ஏறி, மறுபடி நேராக ஓடியது. அந்தப் படிக்கு மேலே ஒரு பல் இல்லை.

“இது இப்ப ஒடஞ்சதில்ல. ரெண்டு மூணு வருசம் இருக்கும். யாரும் கட்டுப் போடல, யாரும் பாக்கல. தானாவே ஒட்டியிருக்கு. கொஞ்சம் ஏறி ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். என்னா எலும்பும்மா ஒனக்கு.” அவர் குரல் தணிந்தது. “இதுக்கும் ஒரு பக்கம் இருக்கு என் நோட்டுல.”

புரட்டிக் காட்டினார். ஒன்றல்ல, பல பக்கங்கள். எல்லாம் பெண்கள் என்றார். எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு இடப்பக்கத்தில் இருந்தது.

“மத்ததெல்லாம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறுது. இது மாறல. குப்பம், கரும்புக் கொல்லை, முந்திரித் தோப்பு, பெரிய உத்தியோகஸ்தர் வீடு, எல்லாம் ஒண்ணுதான். அடிக்கிறவனுக்குச் சோத்துக் கை. எதிர்ல நிக்கிறவளுக்கு எடப்பக்கம். அம்மிக்கல்லுல விழுந்தேம்பாங்க. பல்வலிம்பாங்க.”

தனக்கோடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம். காத்தவராயன் சாராயம் குடித்துவிட்டு வந்த ராத்திரி. ஒரே அறைதான். மறுநாள் அவனுக்கே சரியாக ஞாபகம் இல்லை. அவள் பல்வலி என்றாள். ஆடிய பல்லைத் தானே பிடுங்கி எறிந்தாள். ஒரு மாதம் கஞ்சி மட்டும் குடித்தாள். கஞ்சியோடு கூடையும் சுமந்தாள்.

“ஒங்கண்ணன்கிட்ட ரெண்டையும் சொல்லட்டுமா? ஒண்ண மட்டும் சொல்லட்டுமா?”

அவள் இரண்டும் வேண்டாம் என்று தலையாட்டினாள். மூன்று நாளில் அவள் தலை ஆடியது அப்போதுதான்.

“சரி. ஒன் எலும்பு. ஒன் வாய். கம்பி அவுத்ததும் நீயே சொல்லிக்க.”

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டி முறுக்கினார். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. எப்படிச் சாப்பிடுவாள் என்று அமிர்தம் அழுதாள். பல் இல்லாத அந்தச் சந்தை டாக்டர் காட்டினார். அது வழியாகத்தான் என்றார். அன்றிலிருந்து வேலம்மாள் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் வடிகஞ்சியும் பாலும் அந்தச் சந்தில் ஊற்றினாள். சில நாள் மீன் குழம்பைத் துணியில் வடித்துத் தெளிவாக ஊற்றினாள். காத்தவராயன் உடைத்த இடம்தான் அவளுக்கு வாயாக இருந்தது. பாலாடையின் மூக்கு அங்கே நுழையும்போதெல்லாம் தனக்கோடி அதை நினைத்தாள். வேறு என்ன வேலை.

வார்டில் படுத்தபடி அவள் கணக்குப் பார்த்தாள். தான் ஒரு தலையசைப்பில் முடித்திருக்கக்கூடிய விஷயம். கரையில் நாலு குடும்பம் பட்டினி. அரிசி கிடைக்காத வருஷம் வேறு. மரத்தில் ஏறுகிற தேவநாதனுக்குக் கைப்பிள்ளை. அது அவளை அரித்தது. ஆனால் காத்தவராயனை நினைத்தால் மட்டும் அரிக்கவில்லை. செய்யாததற்கு மாட்டிக்கொண்டான். செய்ததற்குத் தப்பித்தானே? அது இதற்குச் சரியாகிவிட்டது என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அப்படித் தோன்றாது. படத்தில் இருந்தவள் பொய் சொல்லவில்லை. இரண்டையும் வெளிச்சத்தில் வைத்திருந்தாள். தோலும் சதையும் போர்த்திய தான்தான் ஒன்றை வைத்து இன்னொன்றை மறைத்துக்கொண்டு கிடக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காத்தவராயன் வந்தான். பக்கிரி இல்லாத நேரமாகப் பார்த்து அமிர்தம் உள்ளே விட்டாள். இளைத்திருந்தான். கடலில் இறங்காத மனுஷன் தோல் வெளுத்து, வேறு ஆள் மாதிரி இருந்தான். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தான். அரிசியை வறுத்து மாவாக இடித்துச் சலித்த பொட்டலம். கஞ்சி காய்ச்ச. அந்த அரிசி எங்கே கிடைத்தது என்று அவன் சொல்லவில்லை.

“நீ தலைய ஆட்டியிருந்தாப் போதும்,” என்றான். “ஏன் ஆட்டல? நான் அடிச்சனா ஒன்ன? தூக்கிக்கிட்டு ஓடி வந்தவன் நான். ஊருல ஒவ்வொருத்தனும் என்னப் பாத்துத் துப்புறான். ஒன் மேல என்னிக்காவது என் கை பட்டிருக்கா, சொல்லு. என்னமோ ஒருநா குடிச்சிட்டு ஒரு அற வுட்டேன். ஒரே ஒரு அற. அத மனசுல வச்சிக்கிட்டா இப்பிடிப் பண்றே?”

தனக்கோடி உதட்டை விரலால் விலக்கி, கம்பிகளுக்குப் பின்னால் இருந்த சந்தைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

“பல்வலியா?” என்றான்.

அவள் உதட்டை விட்டுவிட்டாள்.

கம்பி அவிழ்த்தது மார்கழியில். டாக்டர் ஒவ்வொரு கம்பியாக வெட்டி எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டார். தாடை விரலளவு திறந்தது. துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. ஏதாவது பேசு, பார்ப்போம் என்றார் டாக்டர்.

“அந்தப் படத்தக் குடுங்க,” என்றாள் தனக்கோடி. ஆறு வாரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டாக்டர் பீரோவைத் திறந்து, பழுப்பு உறையோடு எடுத்துக் கையில் கொடுத்தார். வெயிலில் பிடித்தால் நன்றாகத் தெரியும் என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது, அடுத்த தடவை வழுக்கினால் கூடையை விட்டுவிடு தாயே என்றார். வேலம்மாள் சிரித்தாள். தனக்கோடியால் சிரிக்க முடியவில்லை, தாடை இழுத்தது.

மறுநாள் காலை மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர் கூடியது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் வலை காயப்போடுகிற கழிகளுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நாட்டார் நடுவில். அவர் பெண்சாதி குப்பு பெண்களுக்கு முன்னால். காத்தவராயன் தனியாக, கையைக் கட்டிக்கொண்டு. தனக்கோடி கையில் பழுப்பு உறை. வானம் துடைத்த மாதிரி இருந்தது. கடல் அமைதியாகக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் மரம் இறங்காமல் இருப்பதே பாவம்.

“சொல்லும்மா. நடந்தது என்ன?” என்றார் நாட்டார்.

“நான் வுழுந்தேன்,” என்றாள். குரல் பல்லுக்குள்ளேயே சுற்றியது. எல்லாரும் முன்னுக்குச் சாய்ந்தார்கள். “ஓடப் பனையில. கூடைய வுடல. மோவா இடிச்சிது. அவுரு அப்பக் கிட்டயே இல்ல.”

பக்கிரியின் முகம் செத்துவிட்டது. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று யாரோ கேட்டார்கள். காத்தவராயன் நிமிர்ந்தான். ஆறு வாரத்து மூச்சும் அவன் நெஞ்சிலிருந்து வெளியே வந்தது.

“கேட்டீங்களா? கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? என் கை பட்டதில்ல இவ மேல. நாலு குடும்பத்தப் பட்டினி போட்டீங்களே. மச்சான், நீயெல்லாம் ஒரு மனுசனா?”

“இரு,” என்றாள் தனக்கோடி.

உறையிலிருந்து படத்தை உருவினாள். கிழக்கே திரும்பி, இரண்டு கையாலும் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். கூடையைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள்.

“இது நான். என் எலும்பு. இங்க நடுவுல, காதுகிட்ட ரெண்டு பக்கம், இது ஓடையில ஒடஞ்சது. இந்தா எடப்பக்கம் ஏறி நிக்கிது பாரு, இது மூணு வருசத்துக்கு முந்தி. பல்வலின்னு சொன்னேன் ஒங்க எல்லாருகிட்டயும். பல்வலி இல்ல. ஒரு அற.”

நாட்டார் தொண்டையைச் செருமினார். பழைய கதை என்றார். அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், பஞ்சாயத்துக்கு வந்ததில்லை என்றார்.

தனக்கோடி படத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். முதலில் பக்கிரி எழுந்து வந்து பார்த்தான். அப்புறம் தேவநாதன். அப்புறம் ஒவ்வொருத்தராக. சத்தம் போட்டவர்கள்கூடக் கிட்டே வந்ததும் அடங்கிப்போனார்கள். கடலில் பிணம் பார்த்தவர்கள் அவர்கள். உயிரோடு நிற்கிறவளின் மண்டையோட்டை அவள் கையிலேயே பார்த்ததில்லை. கறுப்புப் படத்துக்குப் பின்னால் கடல் மங்கலாகத் தெரிந்தது. வெள்ளைத் தாடை அலைக்கு மேலே நின்றது.

காத்தவராயன் கடைசியாக வந்தான். படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். அந்தப் படியைத் தொடப் போனவன், தொடாமல் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

“எலும்பு ஒடஞ்சிதா?” என்றான் மெதுவாக. “ஒடஞ்ச எலும்போடவா கூடை தூக்கின?”

கழிகளுக்கு அந்தப் பக்கம் பெண்கள் நின்ற இடத்தில் நின்றபடியே, யாரும் யாரையும் பார்க்காமல், தங்கள் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். காதடியிலிருந்து மோவாய் வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் இடப்பக்கம்தான். டாக்டரின் நோட்டு எழுந்து வந்து மணலில் நிற்கிற மாதிரி தனக்கோடிக்குத் தோன்றியது. கை வலித்தும் அவள் படத்தை இறக்கவில்லை.

நாட்டார் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது அவர் கண் குப்புவின் மேல் போனது. குப்புவின் விரல் இடப்பக்கத்தில் ஓரிடத்தில் போய் நின்றுவிட்டிருந்தது. நகரவில்லை. அவள் நாட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“என்ன போடுறீங்களோ போடுங்க,” என்றான் காத்தவராயன் ஊரைப் பார்த்து. “நான்தான்.”

“நாட்டாரு சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன்,” என்றாள் தனக்கோடி. “மரம் எறங்கட்டும். தேவநாதன் புள்ள பசியில கெடக்குது. நீயும் ஏறு. ஆனா ஆறு வாரம் ஒனக்குக் கஞ்சிதான். வடிகஞ்சி. ஒரு பருக்க கடிக்கக் கூடாது. அத குடிச்சிட்டுத் துடுப்புப் போடு. போட்டுப் பாரு.”

யாரோ ஒருவன் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டான். காத்தவராயன் தலையை ஆட்டினான்.

மறுநாள் மரம் இறங்கியது. நடுக்கடலில் மற்றவர்கள் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக் கருவாட்டைக் கடித்தபோது, அவன் தூக்குவாளித் தண்ணிக்கஞ்சியைக் குடித்தான் என்று தேவநாதன் வந்து சொன்னான். முதல் நாள் கேலி செய்தார்களாம். நாலாம் நாள் வலை இழுக்கும்போது அவன் கண் இருட்டி மரத்தில் உட்கார்ந்துவிட்டான். எழுந்து மறுபடி இழுத்தான். இதோடு ஒருத்தி எப்படி ஒரு மாதம் கூடை சுமந்தாள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தானாம். அதற்கப்புறம் யாரும் கேலி செய்யவில்லை.

தனக்கோடி அடுத்த வெள்ளிக்கிழமை கூடை எடுத்தாள். பனந்துண்டின் நடுவில், டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். கூடை ஆடியது. கையைத் திரும்ப வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் கரையில் கூடையை இறக்கி இளைப்பாறியபோது, முந்தானையில் முடிந்திருந்த ஒரு துண்டு சுட்ட கருவாட்டை வாயில் போட்டு மெல்ல மென்றாள். காதுக்கு முன்னால் க்ளுக் க்ளுக் என்று சத்தம் கேட்டது. அவள் தலைக்குள் இருந்தவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

மற்ற மீன்காரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். மாரியம்மாள்தான் பேச்சை எடுத்தாள். நாட்டார் வீட்டில் மூன்று நாளாக ஓர் ஆளுக்குத் தனியாகக் கஞ்சி வடிக்கிறார்களாம். குப்புதான் தன் கையால் துணியில் வடிகட்டுகிறாளாம்.

யாருக்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கூடைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.